தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி கொடுக்கலாமா?

கேள்வி

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு மூன்றரை வயது. போன மாசியில் காய்ச்சல் வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் எழுப்பினால் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சர்க்கரை 28 என்றார்கள், குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்துவிட்டாள். பிறகு ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிப் பார்த்து, விஎல்கேட் குறைபாடு, கொழுப்பை எரிக்க முடியாத பிறவி நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். கொழுப்பைக் குறையுங்கள், பட்டினி போடாதீர்கள் என்பதோடு சரி. எம்சிடி எண்ணெய் என்று ஒரு பாட்டிலும் எழுதியிருக்கிறார்கள், விலை கட்டுப்படியாகவில்லை. தேங்காயெண்ணெயிலும் அதே எம்சிடி இருக்கிறது என்று யூடியூபில் பார்த்துவிட்டு, தினமும் காலையில் ஒரு கரண்டி கொடுக்கச் சொல்கிறார்கள் அத்தை. ஐப்பசியில் பிள்ளைக்காகத் திருச்செந்தூரில் ஆறு நாளும் தங்கி சஷ்டி விரதம் இருப்பதாக நேர்ந்திருக்கிறோம். நான் கட்டியிருப்பது சொந்த அத்தை மகனைத்தான். முதல் பையன் எட்டு மாதத்தில் இதே மாதிரி ஒரு காய்ச்சலில் தவறிவிட்டான், அப்போது மூளைக்காய்ச்சல் என்றார்கள். இப்போது மூன்று மாதமாக இருக்கிறேன். என்ன செய்ய?

பதில்

தங்கச்சி, உங்கள் கடிதத்தின் கடைசி விஷயத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. மகளுக்கு மரபணுப் பரிசோதனை செய்து, எந்த இடத்தில் பழுது என்று எழுதிய ரிப்போர்ட் கையில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ரத்தத்தில் கொழுப்புத் துணுக்குகளை அளந்த ரிப்போர்ட் மட்டும்தான் இருக்கிறதென்றால் அது போதாது. அந்த மரபணு விவரம் இருந்தால்தான் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் இந்த நோய் வந்திருக்கிறதா என்று பார்க்க முடியும். நஞ்சுக்கொடித் திசுவில் இருந்து எடுத்துப் பார்ப்பதை 11 வாரத்துக்கு மேல் 14 வாரத்துக்குள் செய்வார்கள், பனிக்குட நீரில் பார்ப்பதென்றால் 15 வாரம் தாண்ட வேண்டும். மகளின் ரிப்போர்ட் வரவே சில வாரங்கள் ஆகலாம் என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன். வேலூர் சிஎம்சியில் மரபணு மருத்துவத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது, உங்கள் குழந்தை மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு இந்த வாரமே பேசிவிடுங்கள்.

இப்படிச் சொன்னதும் சில வீடுகளில், பார்த்துவிட்டுக் கலைக்கச் சொல்வார்களா என்று பயப்படுவார்கள். அது உங்கள் இரண்டு பேரின் முடிவு, அதில் நானோ அத்தையோ நுழைய முடியாது. தெரிந்துகொள்வதில் வேறொரு பெரிய லாபம் இருக்கிறது. இந்த நோய் உள்ள பச்சைக் குழந்தைக்கு மிக ஆபத்தான காலம் பிறந்த முதல் மூன்று நாள். தாய்ப்பால் இன்னும் முழுதாக ஊறியிருக்காது, குழந்தையும் உறிஞ்சத் தெரியாமல் தூங்கிக்கொண்டே இருக்கும், நாமும் நல்ல பிள்ளை, அழவே இல்லை என்று விட்டுவிடுவோம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பிறந்த மணி முதல் பால் நேரத்தைக் கணக்கு வைத்து, சர்க்கரை பார்த்து, தேவைப்பட்டால் ஊசி வழியாகக் குளுக்கோஸ் கொடுத்து அந்த மூன்று நாளைக் கடத்திவிடலாம். பரிசோதனை வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும், நோய் இருப்பதாகவே வைத்துக்கொண்டு பிறந்த நிமிடத்தில் இருந்து நடக்கச் சொல்லுங்கள். குதிகாலில் ரத்தம் எடுத்து அனுப்பி, இல்லை என்று பதில் வரும்வரை அப்படியே இருக்கட்டும். பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் மகளின் நோய்ப் பெயரை மறக்காமல் சொல்லுங்கள், இந்த வகை நோய்கள் சிலவற்றில் வயிற்றுப் பிள்ளைக்கு நோய் இருந்தால் தாயின் ஈரலும் பாதிக்கப்படுவது உண்டு.

பிள்ளைக்கு இந்த நோய் வர ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் ஆளுக்கு அந்த மரபணுவின் ஒரு பழுதான பிரதியையும் ஒரு நல்ல பிரதியையும் வைத்திருக்கிறீர்கள், அதனால் உங்கள் இருவர் உடம்பிலும் நோய் எதுவும் தெரியாது. பழுதான இரண்டும் ஒரே பிள்ளையிடம் போய்ச் சேரும்போதுதான் நோய். ஒரே தாத்தா ஆச்சியின் பேரப் பிள்ளைகள் கட்டிக்கொள்ளும்போது அந்த இரண்டும் சந்திக்கிற வாய்ப்பு கூடுகிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 கல்யாணம் சொந்தத்துக்குள் நடந்தது என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது, ஆகவே இதில் நீங்கள் தனி ஆள் இல்லை, குற்றவாளியும் இல்லை. முதல் மகனுக்கும் இதே நோய்தானா என்று இப்போது யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் மரபணு மருத்துவரிடம் அவனைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அந்தக் காய்ச்சலை நீங்கள் கவனிக்காமல் விட்டதால் போனான் என்று யாராவது சொன்னால், அது பொய்.

சரி, இப்போது எண்ணெய்க்கு வருவோம். கொடுக்காதீர்கள். ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அத்தையிடம் நீங்கள் பேச வேண்டியிருக்கும்.

நாம் சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி, மீதி ஈரலில் கொஞ்சம் சேமிப்பாகத் தங்கும். சாப்பிடாமல் நேரம் போகப் போக அது தீரும், தீர்ந்ததும் உடம்பு தன் கொழுப்பை எடுத்து எரிக்க ஆரம்பிக்கும். அடுக்களைப் பானையில் அரிசி தீர்ந்தால் குலுக்கையைத் திறந்து நெல்லை எடுக்கிற மாதிரி. உங்கள் மகளிடம் குலுக்கை நிறைய நெல் இருக்கிறது, திறப்பதற்குத்தான் வழியில்லை. கொழுப்பு என்பது கார்பன் அணுக்களால் ஆன சங்கிலி. பெரும்பாலும் 14-ல் இருந்து 20 வரை கார்பன் உள்ள நீளமான சங்கிலிகளை வெட்டத் தொடங்குகிற நொதிதான் அவளிடம் குறைவு, வெரி லாங் செயின் என்று ரிப்போர்ட்டில் இருப்பது அதைத்தான். எம்சிடி எண்ணெயில் இருப்பது 8, 10 கார்பன் உள்ள குட்டைச் சங்கிலிகள், அவற்றை வெட்ட வேறு நொதி இருக்கிறது, அது அவளிடம் நன்றாகவே வேலை செய்கிறது. அதனால்தான் அந்த பாட்டிலை எழுதியிருக்கிறார்கள்.

தேங்காயெண்ணெயில் அந்த 8, 10 வகை இரண்டும் சேர்ந்து நூற்றுக்குச் சுமார் 15 பங்குதான். பாதிக்குக் கிட்டே 12 கார்பன் உள்ள லாரிக் அமிலம். விளம்பரத்தில் அதையும் எம்சிடி கணக்கில் சேர்த்துவிடுவார்கள், ஆனால் உடம்பு அதைப் பெரும்பாலும் நீளச் சங்கிலி போலவே நடத்துகிறது. மிச்சம் இருப்பதில் 14 கார்பன் கொழுப்பு மட்டுமே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், சி14:1 என்ற வரியில் எண் கூடியிருக்கும். அந்த 14-ல்தான் அவளுக்கு அடைப்பே. ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் கொடுத்தால் கொஞ்சம் மருந்தும் நிறைய நோயும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகும்.

இதைப் படிக்கிற வேறு பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. எம்கேட் என்று இன்னொரு நோய் இருக்கிறது, பெயர் கேட்க ஒரே மாதிரி இருக்கும். அதில் பழுது நடுத்தரச் சங்கிலியை வெட்டும் நொதியிலேயே. அந்தப் பிள்ளைக்கு எம்சிடி எண்ணெய் கொடுக்கவே கூடாது, மற்றபடி வீட்டுச் சாப்பாட்டில் உள்ள சாதாரணக் கொழுப்பைக் குறைக்க வேண்டிய அவசியம் பொதுவாக இருக்காது. ஒரு நோய்க்கு மருந்தாக இருப்பது அடுத்த நோய்க்கு ஆபத்து. பக்கத்து ஊரில் இதே மாதிரி ஒரு பிள்ளை இருக்கிறது, அவர்கள் இதைத்தான் கொடுக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், ரிப்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்காமல் எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் தங்கச்சி, எனக்கு உங்கள் கடிதத்தில் எண்ணெயை விடக் கவலையாக இருப்பது வேறு. மகள் இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாள், காலையில் எத்தனை மணிக்கு முதல் வாய் சாப்பிடுகிறாள் என்று நீங்கள் எழுதவே இல்லை. நம் பக்கம் சின்னப் பிள்ளைகள் ஏழு மணிக்கெல்லாம் சோறு தின்றுவிட்டுத் தூங்கும், காலையில் எழுந்து, பல் தேய்த்து, குளித்து, இட்லி வேகும்போது எட்டு எட்டரை ஆகிவிடும். பதின்மூன்று மணி நேரம்! கொழுப்பில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்தப் பதின்மூன்று மணி நேரம் அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். எம்கேட் பிள்ளைகளுக்கே, அதுவும் உடம்பு நன்றாக இருக்கும் நாளில், முதல் வயதின் பின்பாதியில் 8 மணி நேரம், இரண்டாம் வயதில் 10, அதற்கு மேல் 12 மணி நேரம் என்று ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். விஎல்கேட்டில் கடுமையான வகைக்கு எல்லை இதைவிடக் குறைவு. உங்கள் மகளுக்கு எத்தனை மணி நேரம் என்று டாக்டரிடம் கேட்டு, அந்த எண்ணை அடுக்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அவளைக் காப்பாற்றப் போவது அந்த எண்தான்.

படுக்கும்போது பச்சைச் சோளமாவு கொடுக்கலாமா என்றும் அவரிடம் கேளுங்கள். கடையில் கார்ன்பிளவர் என்று கிடைக்கிற வெள்ளை மாவு, அது மெதுவாகச் செரித்து ராத்திரி முழுக்கச் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். அளவை அவர்தான் சொல்ல வேண்டும். செய்முறையில் நான் பார்க்கிற தப்பு இரண்டு. ஒன்று, கஞ்சி மாதிரி காய்ச்சிவிடுகிறார்கள், காய்ச்சினால் சீக்கிரம் செரித்து அதன் பலனே போய்விடும். பச்சைத் தண்ணீரிலோ, ஆறிய ஆடை நீக்கிய பாலிலோதான் கலக்க வேண்டும். இரண்டு, கலக்கி வைத்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிடப் போவார்கள், திரும்பி வருவதற்குள் மாவு அடியில் போய் உட்கார்ந்திருக்கும். பிள்ளை மேலே உள்ள தண்ணியைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிடும், வேண்டியதெல்லாம் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கலக்கிய கையோடு கொடுங்கள், கடைசியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடிக்க வையுங்கள்.

அப்புறம் காய்ச்சல், வாந்தி, பேதி. போன மாசியில் நடந்தது திரும்பவும் நடக்கக்கூடியது இந்த நாட்களில்தான். காய்ச்சலில் உடம்பு அதிகமாக எரிக்கும், பிள்ளையோ சாப்பிடாது, ஆகவே நல்ல நாளுக்கு வைத்த மணிக்கணக்கு அன்றைக்குச் செல்லாது. பிரிட்டனில் இந்த நோய்களுக்கான மருத்துவர் குழுவின் அவசரகால முறைப்படி 2 முதல் 9 வயது வரை 20 சதவீதச் சர்க்கரைப் பானம், அதாவது 200 மில்லியில் 40 கிராம், பகல் இரவு பார்க்காமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. இனிப்பு குறைவாகவும் வயிற்றைப் புரட்டாமலும் இருக்க மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச் சர்க்கரையில் செய்வார்கள். ஒரு தடவைக்கு எத்தனை மில்லி என்பதை அவள் எடையைப் பார்த்து எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லோரும் உடனே எடுப்பது ஓஆர்எஸ் பொட்டலம் இல்லையென்றால் இளநீர். ஓஆர்எஸ் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், 200 மில்லியில் மூன்று கிராம் கூட வராது. 40 எங்கே, 3 எங்கே. பேதியில் இறங்கிய நீருக்கும் உப்புக்கும் ஓஆர்எஸ் வேண்டும்தான், ஆனால் அதைக் குடித்தாளே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. இளநீரும் அப்படித்தான்.

பானத்தை இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாலோ, எழுப்பினால் சுணங்கிப் படுத்தாலோ, ஆளை அடையாளம் தெரியாத மாதிரி பார்த்தாலோ, 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வீட்டில் சுகர் மிஷின் வைத்திருந்தால், அதில் 90 காட்டுகிறதே என்று காத்திருக்காதீர்கள், சர்க்கரை இறங்குவது இந்த நோயில் கடைசியில் தெரிகிற அடையாளம், அதற்கு முன்பே பிள்ளை மோசமாகியிருக்கும். அங்கே ஏற்ற வேண்டியது உப்பு சேர்ந்த 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், வழக்கமாக மாட்டும் 5 சதவீதம் அவளுக்குப் போதாது. கொழுப்பு ஊசி மருந்து கூடாது. வலிப்பு வந்தால் வால்ப்ரோயேட் தவிர்க்க வேண்டும். ஏதாவது அறுவைச் சிகிச்சைக்குச் சாப்பிடாமல் வரச் சொன்னால், அந்த நேரம் முழுக்க டெக்ஸ்ட்ரோஸ் ஓட வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கச் சொல்லி லேபில் எழுதினால் மறுத்துவிடுங்கள். இவ்வளவையும் நடு ராத்திரி புதிதாகப் பார்க்கிற ஒரு டாக்டரிடம் நீங்கள் வாயால் சொன்னால் எடுபடாது. உங்கள் டாக்டரின் லெட்டர்ஹெட்டில், கையெழுத்தும் முத்திரையுமாக, ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும்.

மகள் வளர வளரத் தசையையும் பார்க்க வேண்டும். ஓடியாடிக் களைத்த பிறகோ, குளிரில் நனைந்த பிறகோ கால் வலிக்கிறது என்று அழுதால், மூத்திரத்தின் நிறத்தைப் பாருங்கள். கடுங்காப்பி நிறத்தில் போனால் தசை உடைந்து சிறுநீரகத்துக்குப் போகிறது என்று அர்த்தம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. இதற்காகப் பிள்ளையைக் குற்றாலத்துக்கும் பாபநாசத்துக்கும் கூட்டிப் போகாமல் இருக்க வேண்டாம். நம் வழக்கம் குளித்துவிட்டுத்தான் சாப்பாடு, பசி அப்போதுதான் கிள்ளும் என்பார்கள். அவளுக்கு மட்டும் அதை மாற்றுங்கள். சாப்பிட்டுவிட்டுக் குளிக்கட்டும், கொஞ்ச நேரம் நனைந்ததும் துவட்டி, திரும்பவும் ஏதாவது கொடுங்கள். குற்றாலத்துப் பழக்கடையில் லிச்சி இருந்தால் வேண்டாம். பீகாரில் முசாபர்பூர் பக்கம் இரவுச் சாப்பாடு இல்லாமல் லிச்சி தின்ற பிள்ளைகள் விடிகாலையில் வலிப்பு வந்து இறந்தார்கள். 2014-ல் நடந்த ஆய்வில் தெரிந்தது, அந்தப் பழத்தில் உள்ள ஒரு பொருள் கொழுப்பை எரிக்கும் வேலையைத் தடுக்கிறது என்பது. பிறவியில் எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளுக்கே அப்படி.

இனி சாப்பாடு. கொழுப்பைக் குறையுங்கள் என்று மொட்டையாகச் சொன்னால் யாருக்கும் புரியாது. நோய் கடுமையான வகை என்றால் நீளச் சங்கிலிக் கொழுப்பில் இருந்து மொத்த ஆற்றலில் 10 முதல் 15 சதவீதம் வரை விடுவார்கள், லேசான வகை என்றால் கட்டுப்பாடே தேவைப்படாமலும் போகலாம். உங்கள் மகள் எந்த வகை என்று முதலில் கேளுங்கள். கடுமையானது என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 1200 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு அது 13 முதல் 20 கிராம் கொழுப்பு. ஒரு சின்னத் தேக்கரண்டி எண்ணெயே நாலரை கிராம். 20 கிராம் தேங்காய் அரைத்த சட்னியில் ஆறேழு கிராம். மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப்பால் சொதி ஊற்றி ஒரு பிடி சோறு தின்றாலே பாதி நாள் கணக்கு முடிந்துவிடும். அல்வாவைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், கையில் ஒட்டுகிற நெய்யே சொல்லும்.

ஆனால் நம் ஊர்ச் சாப்பாட்டில் கொழுப்பில்லாதது எவ்வளவோ இருக்கிறது. இட்லி, இடியாப்பம், புட்டு, ஆவியில் வெந்த கொழுக்கட்டை, எல்லாம் தேங்காய்ப்பூ போடாமல். ஆடை நீக்கிய பாலில் உறை ஊற்றிய தயிர்ச்சோறு, பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், முட்டை வெள்ளை. தை மாதம் பனங்கிழங்கு, கோடையில் நுங்கு, கொழுக்கட்டைக்குள் கருப்பட்டி. உளுந்தங்களி கூடப் பிள்ளைக்கு ஆகும், நல்லெண்ணெயை நீங்கள் கண்ணளவாக ஊற்றாமல் கரண்டியில் அளந்து ஊற்றினால். எண்ணெயை அடியோடு நிறுத்திவிடவும் கூடாது. உடம்பால் தானே செய்துகொள்ள முடியாத இரண்டு கொழுப்புகள் உண்டு, அவை இல்லாவிட்டால் தோல் வறளும், வளர்ச்சி குன்றும். நல்லெண்ணெயில் அவற்றில் ஒன்று நிறைய இருக்கிறது, இன்னொன்று ஆளி விதை எண்ணெயில். தேங்காயெண்ணெயில் இரண்டுமே கிட்டத்தட்ட இல்லை. ஆக, அவளுக்கு அனுமதித்த அந்தக் கொஞ்ச இடத்தைத் தேங்காய்க்குக் கொடுத்தால், வேண்டியது உள்ளே போக இடமிருக்காது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் டாக்டரிடம் ஞாபகப்படுத்துங்கள்.

எம்சிடி எண்ணெய் வாங்க முடியவில்லை என்பதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். லேசான வகையாக இருந்தால் அது இல்லாமலே சமாளிக்கலாமா என்று அவர் யோசிப்பார், கடுமையானது என்றால் உதவிக்கு யாரைக் கேட்கலாம் என்று வழி சொல்வார். ட்ரைஹெப்டனாயின் என்று ஒரு புது எண்ணெய்க்கு 2020-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது, இணையத்தில் பார்த்துவிட்டு அது இல்லாமல் பிள்ளைக்கு வழியில்லை என்று கலங்க வேண்டாம். நேரத்துக்குச் சாப்பாடு, காய்ச்சல் நாளில் சர்க்கரைப் பானம், கையில் கடிதம், இந்த மூன்றும் காசு அதிகம் கேட்காதவை.

திருச்செந்தூருக்கு வருகிறேன். மாசமாக இருக்கும் நீங்கள் விரதம் இருக்க வேண்டாம், முருகன் அதைக் கேட்க மாட்டார். அத்தை இருக்கட்டும், அவர்கள் உடம்புக்கு ஒத்துக்கொண்டால். பிள்ளையை ஆறு நாள் கோயில் மண்டபத்தில் வைத்திருக்காதீர்கள். விரத வீட்டில் அடுப்பு எரியாது, கூட்டத்தில் பிள்ளை எப்போது கடைசியாகச் சாப்பிட்டது என்று ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள், அதுதான் எனக்குப் பயம். சூரசம்ஹாரம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒரு காலைப் பொழுதில், வயிறு நிறைய இட்லி கொடுத்துக் கூட்டிப் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள். பையில் சர்க்கரைப் பானப் பொடியும் அந்தக் கடிதமும் இருக்கட்டும்.

அத்தை மேல் கோபப்படாதீர்கள், ஒரு பேரனைப் பறிகொடுத்தவர்கள், எதையாவது செய்ய வேண்டும் என்றுதான் யூடியூபைப் பார்க்கிறார்கள். ராத்திரிச் சோளமாவு கலக்கும் பொறுப்பையும் மணி பார்க்கும் பொறுப்பையும் அவர்களிடமே கொடுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போய், பிள்ளையின் மணிக்கணக்கை அவர்கள் காதுபடவே சொல்லச் சொல்லுங்கள். வேலூர் தேதி கிடைத்ததும், மரபணு ரிப்போர்ட் இருக்கிறதா இல்லையா என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள், பிறக்கப் போகும் பிள்ளையின் முதல் வாரத்துக்கான பால் கணக்கை உங்கள் டாக்டரோடு பேசிச் சேர்ந்தே போட்டுவிடலாம்.